ஆபரேஷனுக்கு முன்பே கீமோ, இம்யூனோதெரபி, குவி அல்ட்ராசவுண்ட்: மார்பகப் புற்றுநோயில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி முடிவு கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷன் என்னைக்கு?" டாக்டரோ, "அது ஆறு மாசம் கழிச்சு. முதல்ல கீமோ, கூடவே இம்யூனோதெரபி" என்கிறார். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் யாராவது ஒரு செய்தியை அனுப்பிவைக்கிறார்கள்: ஒலி அலையால் கட்டியைச் சுட்டு, இந்த இரண்டு மருந்துகளோடும் சேர்த்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுமாம். அதன் பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீமோ, நம் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்மேல் ஏவும் இம்யூனோதெரபி, ஒலி அலையை ஒரே புள்ளியில் குவித்துச் சுடும் குவி அல்ட்ராசவுண்ட்: இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோவும் இம்யூனோதெரபியும் சேர்ந்த சிகிச்சை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து நிலைபெற்றுவிட்டது. குவி அல்ட்ராசவுண்ட் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. கீழே உள்ள பதில்களை இந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை ஏன் உள்ளேயே வைத்திருக்க வேண்டும்?

நியாயமான பயம். உடம்பில் ஒரு புற்றுக்கட்டியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது யாருக்கும் எளிதல்ல.

கீமோவை ஆபரேஷனுக்கு முன்பு கொடுப்பதா, பின்பு கொடுப்பதா என்ற கேள்வியை அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு நேராகவே சோதித்துப் பார்த்தது. உயிர்வாழும் காலத்தில் வித்தியாசம் இல்லை. அதாவது, முதலில் கீமோ எடுத்ததால் யாரும் எதையும் இழக்கவில்லை. கூடுதலாகக் கிடைத்தது என்னவென்றால், கட்டி சுருங்கியதால் மார்பகம் முழுவதையும் எடுக்காமல் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுக்க முடிந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. இன்னொரு லாபமும் உண்டு. கட்டி உள்ளே இருந்தால் மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். முதலிலேயே எடுத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத எதிரிமேல் குருட்டாம்போக்கில் கல் எறிகிற கதைதான்.

இம்யூனோதெரபி வந்த பிறகு இந்த வாதம் இன்னும் வலுத்தது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் கட்டிதான் பாடப்புத்தகம். அதில் உள்ள விதவிதமான புற்றணுக்களைப் பார்த்துத்தான் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கற்றுக்கொள்கின்றன. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாடம் நடத்தினால் என்ன ஆகும்? தோலில் வரும் மெலனோமா புற்றுநோயில் இதைச் சோதித்தார்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கியவர்களில் இரண்டு ஆண்டுகள் கழித்து 72 சதவீதம் பேருக்கு நோய் மோசமாகவோ திரும்பவோ இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் எடுத்தவர்களில் அது 49 சதவீதம்தான். மருந்தும் ஒன்றே, மொத்த ஊசிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. மாறியது வரிசை மட்டும்.

மார்பகத்திலும் இதற்கு ஒரு குறிப்பு கிடைத்தது. அட்டிசோலிசுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தை, ஆபரேஷன் முடிந்த பிறகு கீமோவோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. அதே மருந்தை ஆபரேஷனுக்கு முன் கொடுத்த வேறொரு ஆய்வில் கட்டி முழுமையாக மறைந்தவர்கள் கூடினார்கள்.

இது எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் பொருந்துமா?

இல்லை. இன்றைக்கு இம்யூனோதெரபி சேர்ந்த ஆபரேஷன்முன் சிகிச்சை உறுதியாக நிலைபெற்றிருப்பது டிரிப்பிள் நெகட்டிவ் வகைக்குத்தான். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் (அணுவில் சமிக்ஞையை வாங்கும் புரதங்கள்) இல்லாத வகை அது. மொத்த மார்பகப் புற்றுநோயில் 10 முதல் 15 சதவீதம். இளம் வயதில் கொஞ்சம் அதிகம், வேகமும் அதிகம். அதிலும் இரண்டாம், மூன்றாம் நிலைக்குத்தான் இது. மிகச் சிறிய கட்டி, நிணநீர்க் கணுவில் பரவல் இல்லை என்றால் இந்தப் பெரிய ஏற்பாடு தேவைப்படாமலே போகலாம்.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே குறிவைக்கும் மருந்துகள் இருக்கின்றன, பாதை வேறு. ஹார்மோன் பாசிட்டிவில் வேகமாக வளரும் சில கட்டிகளுக்கு இம்யூனோதெரபியைச் சேர்த்துப் பார்த்ததில், முழுமையாக மறைந்தவர்களின் பங்கு 15.6 சதவீதத்திலிருந்து 24.3 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்த மருந்து உங்களுக்குக் கொடுக்கவில்லையே என்று மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு பேருக்கும் வந்தது பெயரில் மட்டும்தான் ஒரே நோய்.

கீமோவையும் இம்யூனோதெரபியையும் எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள்?

கீநோட்-522 என்ற ஆய்வில் வகுத்த திட்டம்தான் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆபரேஷனுக்கு முன் எட்டு முறை. முதல் 12 வாரங்கள் அதோடு பாக்ளிடாக்ஸெல், கார்போபிளாட்டின். அடுத்த 12 வாரங்கள் டாக்ஸோரூபிசினோ எபிரூபிசினோ ஒன்று, கூட சைக்ளோபாஸ்பமைடு. பிறகு ஆபரேஷன். அது ஆறியதும் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் இன்னும் ஒன்பது முறை. மொத்தத்தில் ஒரு வருடத்துக்கும் சற்று மேலே ஆகிவிடும்.

நடுவில் ரத்த அணுக்கள் குறைந்து ஒரு வாரம் தள்ளிப்போவது சகஜம். "கணக்கு தப்பிவிட்டதே" என்று பதற வேண்டியதில்லை.

பலன் எவ்வளவு? எண்ணிக்கையில் சொல்லுங்கள்.

1,174 பேர் பங்கேற்ற ஆய்வு அது. ஆபரேஷனில் எடுத்த திசுவிலும் நிணநீர்க் கணுவிலும் ஊடுருவும் புற்றணு ஒன்றுகூட மிஞ்சாமல் இருப்பதை 'முழு நோயியல் பதில்' என்பார்கள். 2020-இல் வெளியான முதல் கணக்கில், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 51.2 சதவீதம் பேருக்கும், இம்யூனோதெரபியும் சேர்ந்தவர்களில் 64.8 சதவீதம் பேருக்கும் அது கிடைத்தது. செய்திகளில் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். கூடுதல் பேரைச் சேர்த்துப் பிறகு எண்ணியபோது இடைவெளி சுருங்கி, 55.6-க்கு 63 என்றானது. இதைச் சொல்பவர்கள் குறைவு.

ஆனாலும் முக்கியமான கேள்வி உயிர் பற்றியதுதானே? ஐந்து ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள்: கீமோ மட்டும் எடுத்தவர்களில் 81.7 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 86.6 சதவீதம். நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாக. சிறிய எண்ணாகத் தோன்றலாம். இந்த வகை நோயில் அவ்வளவு நகர்த்துவதே பெரிய வேலை. அதே சமயம் மறுபக்கத்தையும் பாருங்கள்: கீமோ மட்டுமே எடுத்து நலமாக இருப்பவர்களே அதிகம். இம்யூனோதெரபி கிடைக்காதவர்கள், அல்லது உடல்நிலை காரணமாக அதை எடுக்க முடியாதவர்கள் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

குவி அல்ட்ராசவுண்ட் என்றால் நாம் எடுக்கும் ஸ்கேன்தானே?

அலை அதே குடும்பம், வேலை வேறு. ஸ்கேனில் மெல்லிய ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறோம். இங்கே கிண்ணம் போல் வளைந்த கருவியிலிருந்து கிளம்பும் அலைகள் எல்லாம் உடம்புக்குள் ஒரே புள்ளியில் போய்ச் சேருகின்றன. வழியில் தோலுக்கு ஒன்றும் ஆகாத அளவுக்கு அவை பரந்து கிடக்கும். சேரும் இடத்தில் மட்டும் வெப்பம் சில விநாடிகளில் 60 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பத்தில் அணு அந்தக் கணமே செத்துப்போகும். ஒருமுறை சுடும் இடம் ஏறத்தாழ ஓர் அரிசி மணி அளவுதான். அப்படிப் புள்ளி புள்ளியாக அடுக்கிக்கொண்டு போவார்கள்.

சூடாக்காமல் சிதைக்கும் முறை இன்னொன்று: ஹிஸ்டோட்ரிப்சி. மிகக் குறுகிய, பலமான துடிப்புகள் திசுவுக்குள் நுண்குமிழிகளை உண்டாக்கும். அவை விரிந்து சுருங்கும் வேகத்தில் அணுக்கள் கூழாகிவிடும். 2023-இல் கல்லீரல் கட்டிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அனுமதித்தது. கருப்பை நார்க்கட்டிக்கு வெப்பமுறை 2004-லேயே அனுமதி பெற்றது, எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கு 2012-இல். கருவி புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு, அதுவும் இம்யூனோதெரபியோடு சேர்த்துப் பயன்படுத்துவதுதான் புதிது.

கட்டியைச் சுட்டால் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்ன சம்பந்தம்?

புற்றணு ஓசைப்படாமல் இருப்பதில் கெட்டிக்காரன். பல மார்பகக் கட்டிகளுக்குள் டி அணுக்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இவற்றைக் 'குளிர்ந்த கட்டிகள்' என்கிறார்கள். பெம்ப்ரோலிசுமாப் செய்வது டி அணுவின் மேலுள்ள பிடி-1 என்ற பிரேக்கை விடுவிப்பது. வண்டியே அந்தத் தெருவுக்கு வராதபோது பிரேக்கை விடுவித்து என்ன பயன்?

அல்ட்ராசவுண்ட் இங்கேதான் நுழைகிறது. வன்முறையாகச் செத்த அணு அமைதியாகக் கரைவதில்லை. உள்ளே இருந்த புரதங்கள் வெளியே கொட்டும். கூடவே ஆபத்துக் குறிகளும் கிளம்பும். டென்ட்ரைட்டிக் அணுக்கள் என்ற தூதுவர்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி அணுக்களிடம் காட்டும். கட்டியை அது கிடக்கும் இடத்திலேயே தடுப்பூசியாக மாற்றுவது என்று இதைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த உவமைதான், ஆனால் கொஞ்சம் ஆசை கலந்தது. நடுவில் ரொம்பச் சூடான இடத்தில் புரதமே வெந்துபோய்விடும். அங்கே டி அணுவுக்குப் படிக்க எழுத்தே மிஞ்சாது. பாதி வெந்த விளிம்புதான் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பகுதி என்று கருதப்படுகிறது. சூடில்லாத ஹிஸ்டோட்ரிப்சியில் புரதங்கள் கெடாமல் கிடைப்பதால் அதன்மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு இவ்வளவு ஆர்வம்.

அப்படியானால் கீமோ எதற்கு? அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்றுதானே சொல்கிறார்கள்?

வெள்ளணுக்கள் குறைவது உண்மை. ஆனால் கீமோவுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. டாக்ஸோரூபிசின் போன்றவை புற்றணுவைக் கொல்லும் விதமே எதிர்ப்பு அணுக்களைக் கூப்பிடும் விதம். ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால், டி அணுக்களை அடக்கிவைக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் குறைகின்றன. களை பிடுங்கிவிட்டு விதைப்பது மாதிரி. இதோடு, உடம்பில் வேறெங்காவது ஒளிந்திருக்கும் நுண்பரவலை ரத்தத்தின் வழியே தேடிப் போவது கீமோதான். அல்ட்ராசவுண்ட் நேரடியாகத் தொடுவது அதைக் குவித்த இடத்தை மட்டும்.

மூன்றும் சேரும் தர்க்கம் இதுதான்: அல்ட்ராசவுண்ட் அடையாளத்தைக் காட்டும், கீமோ தடையை விலக்கிப் பரவலைத் துரத்தும், இம்யூனோதெரபி பிரேக்கை விடுவிக்கும். தாளில் அழகாகத்தான் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவத்தில் தாளில் அழகாக இருந்து ஆஸ்பத்திரியில் தோற்றவை நிறைய.

மனிதர்களிடம் இதுவரை என்ன தெரிந்திருக்கிறது?

சீனாவில் 48 பெண்களிடம் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முதலில் குவி அல்ட்ராசவுண்ட், பிறகு மார்பக நீக்கம். மற்றவர்களுக்கு நீக்கம் மட்டும். சுட்ட இடத்தில் புற்றணுக்கள் செத்திருப்பதை நுண்ணோக்கியில் உறுதி செய்தார்கள். பின்னர் வந்த ஆய்வில், சுட்ட பகுதியின் விளிம்பில் டி அணுக்கள் கூடுதலாகக் குவிந்திருப்பதையும் பார்த்தார்கள். இம்யூனோதெரபி மருந்துகள் மார்பகத்துக்கு வருவதற்கு வெகுமுன்பு நடந்தவை இவை.

பின்னர் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இரண்டு பாதைகளை முயன்றார்கள். ஒன்று, பரவிய மார்பகப் புற்றுநோயில் பெம்ப்ரோலிசுமாபோடு. எதை முதலில் செய்வது என்பதே கேள்வி என்பதால், சிலருக்கு மருந்து முதலில், சிலருக்கு அல்ட்ராசவுண்ட் முதலில். மற்றது, ஆரம்பநிலை நோயில் ஆபரேஷனுக்கு முன் குறைந்த அளவு ஜெம்சிடபினோடு. இரண்டுமே சிறிய ஆய்வுகள். பாதுகாப்பையும் கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்களின் மாற்றத்தையும் அளப்பவை. எத்தனை பேர் கூடுதலாக வாழ்வார்கள் என்பதைச் சொல்ல வந்தவை அல்ல.

டி அணு கூடியது என்பதும் ஆயுள் கூடியது என்பதும் ஒன்றல்ல. செய்திகளில் இந்த இரண்டும் ஒட்டிப்போய் வரும்போது கவனமாக இருங்கள்.

செய்துகொள்ளும்போது எப்படி இருக்கும்?

கருவிக்குக் கருவி மாறும். எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் முறையில் குப்புறப் படுக்க வேண்டும். மேசையில் உள்ள திறப்பின் வழியே மார்பகம் கீழே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். காற்று அலையைத் தடுக்கும் என்பதால் குமிழி நீக்கிய தண்ணீர். மரப்பு ஊசியோ லேசான மயக்கமோ கொடுப்பார்கள். ஒரு புள்ளியைச் சில விநாடி சுடுவார்கள், பிறகு திசு ஆறட்டும் என்று காத்திருப்பார்கள், அடுத்த புள்ளி. நேரமெல்லாம் போவது ஆறவிடுவதில்தான். அசையாமல் கிடந்து கை மரத்துப்போகும். கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள்: தாங்க முடியாத சூடு தெரிந்தால் அழுத்தலாம், உடனே நின்றுவிடும். "எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்களே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தாமல் இருக்காதீர்கள். தோல் சுடுவதை முதலில் உணர்வது நீங்கள்தான், திரையைப் பார்ப்பவர் அல்ல.

யாருக்கு முடியாது?

கட்டி தோலுக்கு மிக அருகில் இருந்தாலோ, விலா எலும்பை ஒட்டி இருந்தாலோ சிரமம். எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும். அலை போகும் வழியில், மார்பகத்தைப் பெரிதாக்க வைத்த சிலிகோன் பை இருந்தாலும் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். கட்டி ஸ்கேனில் தெளிவாகத் தெரிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது மட்டுமல்ல, இம்யூனோதெரபியும் கிடையாது.

பக்க விளைவுகள்?

அல்ட்ராசவுண்டால் வருபவை பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும்: வலி, வீக்கம், சில சமயம் தோல் புண். கீமோவின் தொல்லைகள் பலருக்கும் தெரிந்தவை: முடி உதிர்தல், குமட்டல், விரல் நுனி மரத்தல், காய்ச்சலோடு வெள்ளணு குறைதல்.

இம்யூனோதெரபியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் தொல்லை கீமோ மாதிரி இருக்காது. பிரேக் விட்ட டி அணுக்கள் நம் சொந்த உறுப்புகளையே தாக்கலாம். தைராய்டு குறைவு மிகச் சகஜம். கீநோட்-522-இல் சுமார் 15 சதவீதம் பேருக்கு வந்தது. அரிதாக நுரையீரல், குடல், கல்லீரல், பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பிகள் பாதிக்கப்படலாம். சுரப்பி ஒருமுறை கெட்டால் பல சமயம் அது நிரந்தரம். ஆயுள் முழுக்க மாத்திரை. குணமாகக்கூடிய நோய்க்கு எடுக்கும் மருந்து என்பதால் இதை எடைபோட்டுத்தான் ஆக வேண்டும்.

ஏமாற்றுவது எதுவென்றால், இவை ஊசி போட்டு வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வரும். காரணமில்லாத வறட்டு இருமல், ஒரு நாளில் பலமுறை வயிற்றுப்போக்கு, எழவே முடியாத அசதி, தலை சுற்றல். இப்படி எது வந்தாலும் "கீமோ அசதிதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் முதல் வாக்கியமாக "நான் இம்யூனோதெரபி எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். வெறும் "கீமோ" என்று சொன்னால் சிகிச்சை தவறான திசையில் போகக்கூடும்.

சுட்டால், கலைத்தால் புற்றுநோய் பரவிவிடாதா?

பயாப்சிக்கே இந்தப் பயம் உண்டு. அங்கே அது ஆதாரமற்றது. ஹிஸ்டோட்ரிப்சியில் அணுக்களைச் சிதைப்பதால் ஆராய்ச்சியாளர்களே இந்தக் கேள்வியை எழுப்பி விலங்குகளில் சோதித்தார்கள். பரவல் கூடியதாகத் தெரியவில்லை.

ஒலி அலையிலேயே கட்டி செத்துவிட்டால் ஆபரேஷன் வேண்டாம்தானே?

இதுதான் அதிகம் பேர் ஆசையோடு கேட்பது. இன்றைய பதில்: ஆபரேஷன் வேண்டும். ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்த இடத்திலும் நுண்ணோக்கியில் புற்றணு கிடைப்பதுண்டு. அதனால்தான் சிகிச்சை தொடங்கும் முன்பே கட்டிக்குள் எள் அளவு உலோகக் கிளிப் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். கட்டி கரைந்துபோனாலும் எங்கே தேட வேண்டும் என்று அறுவை மருத்துவருக்கு அது காட்டும்.

இந்தக் கூட்டுச் சிகிச்சையில் கூடுதலாக ஒரு சிக்கலும் இருக்கிறது. மருந்து வேலை செய்ததா என்பதை மிஞ்சிய புற்றணுவை வைத்துத்தான் அளக்கிறோம். கட்டி முழுவதையும் அல்ட்ராசவுண்டே சுட்டுவிட்டால், கொன்றது மருந்தா சூடா என்று எப்படித் தெரியும்? இதற்காகவே சில ஆய்வுகளில் ஒரு பகுதியை மட்டும் சுட்டுவிட்டு மிச்சத்தைத் தொடாமல் விடுகிறார்கள். சுடாத பகுதியிலும் புற்றணு செத்தால் அது எதிர்ப்புச் சக்தியும் மருந்தும் செய்த வேலை. "பாதியை ஏன் விட்டார்கள்?" என்று கோபப்படும் குடும்பங்களுக்கு இது விளங்கச் சொல்லப்பட வேண்டும்.

பிடி-எல்1 டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தது. இம்யூனோதெரபி வீணா?

பிடி-எல்1 என்பது டி அணுவின் பிடி-1 பிரேக்கை அழுத்தும் புரதம். பரவிய நோயில் அந்த டெஸ்ட் முடிவை வைத்துத்தான் மருந்து தருவார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய சிகிச்சையில் நெகட்டிவானவர்களுக்கும் பலன் கிடைத்தது, டெஸ்டே கட்டாயமில்லை.

அல்ட்ராசவுண்ட் ஆய்வு ஒன்றில் இடம் இருக்கிறதாம். சேரலாமா?

சேரலாம், ஒரு நிபந்தனையோடு: நிலைபெற்ற சிகிச்சை அதனால் தள்ளிப்போகவோ விட்டுப்போகவோ கூடாது. டிரிப்பிள் நெகட்டிவில் இரண்டு மாதம் அலைந்து இடம் தேடுவது, கையில் இருக்கும் மருந்தை விட்டுவிட்டு இன்னும் சோதிக்கப்படாததைத் துரத்துவது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வழக்கமான கீமோவும் இம்யூனோதெரபியும் எனக்கு முழுதாகக் கிடைக்குமா? அல்ட்ராசவுண்ட் எந்த வாரத்தில்? எத்தனை கூடுதல் பயாப்சி? தோல் புண்ணாகி ஆபரேஷன் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள், செலவு யாருடையது? பாதியில் விலகினால் என் சிகிச்சை தொடருமா?

ஆய்வு எதுவும் இல்லாமல், பணம் கட்டினால் "எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அல்ட்ராசவுண்ட்" செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மரபணு டெஸ்ட், குழந்தைப்பேறு பற்றி எப்போது பேச வேண்டும்?

முதல் கீமோவுக்கு முன்பே. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரக்கூடிய பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருந்தால் ஆபரேஷனின் அளவும் பிந்தைய மருந்தும் மாறலாம். கருமுட்டையைச் சேமிப்பதென்றால் இரண்டு, மூன்று வாரம் போதும். கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். பெம்ப்ரோலிசுமாப் முடிந்தும் குறைந்தது நான்கு மாதம் கருத்தடை அவசியம்.

ஆபரேஷன் அறிக்கையில் "புற்றணு எதுவும் இல்லை" என்று வந்தால் மீதி ஒன்பது ஊசியை விட்டுவிடலாமா?

கீநோட்-522-இல் முழுப் பதில் கிடைத்தவர்களுக்கும் மீதி ஊசிகள் திட்டத்தில் இருந்தன. ஆகவே இப்போதைக்கு வழக்கம் தொடர்வதுதான். அவர்களுக்கு உண்மையிலேயே அது தேவையா என்று பார்க்க, ஒரு பிரிவினருக்கு மருந்தை நிறுத்தியே சோதிக்கும் ஆய்வு நடக்கிறது. கடுமையான பக்க விளைவு ஏற்கெனவே வந்தவருக்கு அதற்குள்ளாகவே மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம்.

புற்றணு மிஞ்சியிருந்தால் பேச்சு வேறு. பெம்ப்ரோலிசுமாபோடு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையைச் சேர்ப்பது, பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவருக்கு ஓலபரிப் என்ற குறிவைக்கும் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. எவ்வளவு மிஞ்சியது என்பதும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் திட்டும் மூன்று சென்டிமீட்டர் கட்டியும் ஒன்றல்ல. அறிக்கையை வாங்கும்போது அந்த அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அல்ட்ராசவுண்ட் ஆய்வில் இருந்தவரானால், சுட்ட பகுதியையும் சுடாத பகுதியையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.